பம்பாய்க்கு வந்து தாய்மாரைக் காத்த டாக்டர் லூசி வில்ஸ்

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில், இரும்புச்சத்துடன் போலிக் அமிலம் என்ற வைட்டமினும் இருக்கிறது. அந்த வைட்டமினுக்கு வழி காட்டியவர், பம்பாயில் உழைத்த ஆங்கிலப் பெண் டாக்டர் லூசி வில்ஸ்.

பட்டம் இல்லாத படிப்பு

லூசி 1888-ம் ஆண்டு மே 10-ந் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயல் படித்தார். அந்நாளில் அங்கே பெண்கள் பரீட்சை எழுதலாம்; பட்டம் மட்டும் கிடையாது. முதல் உலகப்போர் மூண்டபோது தென்ஆப்பிரிக்காவில் நர்சாகப் பணி செய்தார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, 1920-ல் டாக்டர் ஆனார்.

பஞ்சாலைப் பெண்கள்

1928-ல் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் பலர், கர்ப்ப காலத்தில் கடும் ரத்த சோகை வந்து மடிந்துகொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

லூசி முதலில் கிருமியைத் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்து, அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். காய்கறியும் பழமும் வாங்க வழி இல்லாத ஏழைகளையே நோய் அதிகம் தாக்கியது. குறை உணவில்தான் என்று கண்டுகொண்டார்.

1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். வைட்டமின் 'பி' இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்கு, கர்ப்ப காலத்தில் சோகை வந்தது. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது வரவில்லை.

மலிவான மருந்து

ஈஸ்டில் இருந்து தயாராகும் 'மார்மைட்' என்ற பசையை, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். விலை மலிவு. அதையே நோயாளிகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த பெண்கள் தேறி எழுந்தார்கள்! 1931-ல் இந்த முடிவை வெளியிட்டார்.

நோயைத் தீர்த்த சத்து எது என்று அப்போது தெரியாததால், அதை 'வில்ஸ் சத்து' என்றார்கள். 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கான கீரையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு, அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லூசி தேடிய சத்து அதுதான்.

ஓயாத உழைப்பு

லூசி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் ஓய்வு பெற்ற பிறகும், ஜமைக்கா, பிஜி என்று சென்று ரத்த சோகையை ஆராய்ந்தார். லண்டனில் செல்சி பகுதி கவுன்சிலராகவும் இருந்தார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, 75-வது வயதில் காலமானார்.

1970-ல் இந்திய அரசு, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கருத்தரிக்கும் முன்பே இந்த வைட்டமினைச் சாப்பிட்டு வந்தால், குழந்தைக்கு முதுகுத்தண்டு ஊனம் வராமல் பெருமளவு தடுக்கலாம் என்பது 1991-ல் உறுதியானது.

பம்பாய் ஆலைப் பெண்களின் துயரத்தில் தொடங்கிய தேடல், இன்று உலகம் முழுவதும் தாயையும் சேயையும் காத்து நிற்கிறது.