இல்லாத காலின் வலியை நம்பிய வைத்தியர்

துண்டிக்கப்பட்ட காலின் பெருவிரல் நோகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் முதலில் கால் இல்லாத இடத்தைப் பார்ப்பார்கள். பிறகு சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவயவம் இழந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வலி பொய்யல்ல என்பதை ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னரே பதிவு செய்தவர் சைலஸ் வியர் மிட்செல் என்ற அமெரிக்க வைத்தியர். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் ஒரு போர்தான்.

1829 பெப்ரவரி 15 அன்று பிலடெல்பியா நகரில், ஒரு வைத்தியரின் மகனாக மிட்செல் பிறந்தார். 1850 இல் அதே நகரின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் பாரிஸ் சென்று, உடற்றொழிலியலின் முன்னோடிகளில் ஒருவரான குளோட் பேர்னாட்டிடம் பயின்றார். ஊர் திரும்பி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பாம்பு விஷம் பற்றி ஆராய்ந்தார்.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. மறுவருடம் அவருடைய மனைவி இரண்டு சிறு பிள்ளைகளை விட்டு இறந்துபோனார். மிட்செல் காயமடைந்த படையினரைப் பராமரிக்கும் பணிக்குள் இறங்கினார். அக்காலத் துப்பாக்கிச் சன்னங்கள் மென்மையான ஈயத்தால் ஆனவை. எலும்பில் பட்டால் அதை நொறுக்கிவிடும். கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்துகளும் இல்லை. உயிரைக் காப்பாற்றக் கையையோ காலையோ வெட்டி அகற்றுவதே பெரும்பாலும் ஒரே வழியாக இருந்தது. பல பத்தாயிரம் பேர் அவயவம் இழந்தார்கள்.

நரம்புகளில் காயம்பட்டவர்களுக்கென்றே பிலடெல்பியாவில் டேர்னர்ஸ் லேன் என்ற 400 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை அமைந்தது. அங்கே ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய வைத்தியர்களுடன் மிட்செல் பணியாற்றினார். காயம் ஆறிய பிறகும் தீயில் வாட்டுவதுபோன்ற எரிவு தணியாமல், ஈரத்துணியைக் கையிலேயே வைத்திருந்தவர்களும், சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் மூவரும் விரிவாக எழுதி வைத்தார்கள். 1864 இல் அது நூலாக வந்தது.

அவயவம் இழந்தவர்கள் சொன்னவை அதைவிட விநோதமாக இருந்தன. மிட்செல் விசாரித்த 90 பேரில் 86 பேர், இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்ந்தார்கள். ஒரு கையை இழந்த சிப்பாய் ஒருவர் குதிரையில் போகும்போது, இல்லாத கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் குதிரையை அடித்தார். கீழே விழுந்தார். இன்னொருவர் சாப்பாட்டு மேசையில் இல்லாத கையால் முள்ளுக்கரண்டியை எடுக்கப் போனார். வேறு சிலருக்கு அந்தக் கை அசையவே இல்லை. விரல்கள் இறுக மடிந்து, நகங்கள் உள்ளங்கையைக் குத்துவதாகத் தோன்றியது. அதை விரிக்க அவர்களால் முடியவில்லை.

தோளோடு கையை இழந்த ஒருவருக்கு இரண்டு வருடங்களாக அந்தக் கையின் உணர்வே இருக்கவில்லை. என்ன நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லாமல் மிட்செல் அவரது தோள் நரம்புகளில் மின்சாரத்தைச் செலுத்தினார். கை திரும்பி வந்துவிட்டதென்று அலறிய அவர், மற்றக் கையால் அதைப் பற்றிப் பிடிக்க முயன்றார்.

நாம் கையை அசைக்கும்போது மூளையிலிருந்து கட்டளை போகிறது. தசையும் மூட்டும் தோலும் அசைவை உணர்ந்து பதில் அனுப்புகின்றன. கண் அதைப் பார்த்து உறுதி செய்கிறது. இவை ஒத்துப்போகும்வரை இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே நமக்குத் தெரியாது. உறுப்பை இழந்தவருக்கோ கட்டளை போகிறது, வெட்டுப்பட்ட நரம்பிலிருந்து ஏதோ ஒரு செய்தி வருகிறது, கண் மட்டும் அங்கே ஒன்றுமில்லை என்கிறது. வெட்டிய இடத்தில் எஞ்சிய நரம்புகள் தூண்டப்படுவதே இதற்குக் காரணம் என்று மிட்செல் விளக்கினார். அசைக்க நினைப்பதே அசைந்ததான உணர்வைத் தரக்கூடும் என்பதையும் கவனித்தார்.

1866 இல் அட்லாண்டிக் மன்த்லி சஞ்சிகையில், கைகால் நான்கையும் இழந்த ஜோர்ஜ் டெட்லோ என்பவரின் கதை ஆசிரியர் பெயரின்றி வெளியானது. எழுதியவர் மிட்செல். கற்பனைக் கதை அது. வாசகர்களோ உண்மையென்று நம்பி, டெட்லோவுக்காகப் பணம் சேர்த்தார்கள். 1871 இல் எழுதிய கட்டுரையில் இந்த உணர்வுக்குப் பாண்டம் லிம்ப், அதாவது மாய உறுப்பு, என்று அவர் பெயரிட்டார். இன்றும் மருத்துவம் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது.

மிட்செல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. மனச்சோர்வுற்ற பெண்களுக்கு அவர் விதித்த ஓய்வுச் சிகிச்சையில் படுக்கையை விட்டு எழக் கூடாது, வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அதற்கு உட்பட்ட எழுத்தாளர் சார்லட் பேர்கின்ஸ் கில்மன், அதன் கொடுமையை 1892 இல் வெளிவந்த சிறுகதையில் அம்பலப்படுத்தினார். படையினரின் சொல்லை நம்பியவர் பெண்களின் சொல்லுக்கு அதே மதிப்பைக் கொடுக்கவில்லை. 1914 ஜனவரி 4 அன்று மிட்செல் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து 1990களில் ஒருவர் தொடர்ந்தார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன். அவர் பயன்படுத்தியது நடுவே முகம்பார்க்கும் கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டி, அவ்வளவுதான். இருக்கும் கையை அதற்குள் வைத்து அசைத்தால், இழந்த கை இருந்த இடத்தில் விம்பம் அசையும். அதைப் பார்த்தவர்களில் சிலருக்கு, பல வருடங்களாக இறுகிக் கிடந்த மாயக்கை அசைந்தது. கண் மூளையின் கட்டளைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதும் இறுக்கம் தளர்ந்தது. எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. ஆனாலும் இன்று பல நாடுகளில் இது சிகிச்சைகளில் ஒன்றாக இருக்கிறது.

போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும், இல்லாத காலின் வலியை யாரிடமும் சொல்லாமல் இரவைக் கழிப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கலாம். அது பைத்தியமும் அல்ல, பாசாங்கும் அல்ல. பெயருள்ள, வைத்தியரிடம் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய வலி அது. வீட்டில் உள்ளவர்கள் முதலில் அதை நம்ப வேண்டும்.