பேகம்பேட்டில் ஒரு பிரார்த்தனை
சர் ரொனால்டு ராஸின் வாழ்க்கை

ஹைதராபாத் நகரின் பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்திற்கு அருகே பழமையான கட்டிடம் ஒன்று உள்ளது. ஒரு காலத்தில் இராணுவ மருத்துவமனையாக இருந்த அது, பின்னாளில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் அங்கே ஒரு மருத்துவர் கண்ட காட்சி, மனிதகுலத்தைப் பல நூற்றாண்டுகளாக வாட்டிவந்த மலேரியாக் காய்ச்சலின் மர்மத்தை உடைத்தது. அவர்தான் சர் ரொனால்டு ராஸ்.

அவரை விஞ்ஞானியாக உலகம் அறியும். சோதனைகளின் நடுவே இறைவனை நோக்கிக் கண்ணீருடன் கவிதை எழுதிய ஒரு மனிதரும் அவருக்குள் இருந்தார். அந்த மனிதரைப் பற்றி நாம் சிறிது சிந்திப்போம்.

விரும்பாத துறை

ராஸ் 1857 மே 13-ஆம் நாள் இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிய அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய இந்தியப் படையின் அதிகாரி. பத்துக் குழந்தைகளுள் மூத்தவரான ராஸ், எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். கவிதை, ஓவியம், இசை ஆகியவற்றில் அவர் மனம் தோய்ந்திருந்தது. தந்தையோ மகன் மருத்துவனாக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதற்குப் பணிந்து லண்டனில் மருத்துவம் பயின்ற ராஸ், 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

தொடக்க ஆண்டுகளில் அவருக்கு மருத்துவத்தில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் நடுங்கியபடி படுக்கையில் கிடந்த ஏழைகளின் முகங்கள் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கொய்னா மருந்து இருந்தது. நோய் எவ்வழியே பரவுகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பினர். 1880-இல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டிருந்தார். அது உடலுக்குள் எப்படி நுழைகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1894-இல் லண்டனில் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் ராஸுக்கு அந்தக் கிருமியைக் காட்டி, கொசுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற தம் கருத்தையும் எடுத்துரைத்தார். தம் வாழ்க்கையின் வேலை எது என்பது ராஸுக்கு அன்று தெளிவாயிற்று.

கேட்ட வரம்

1895-இல் செகந்தராபாத் வந்து சேர்ந்த ராஸுக்குத் தோல்வியே தொடர்ந்தது. ஆராய்ச்சி வேகம் பிடித்த வேளையில் காலரா ஒழிப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897-இல் நீலகிரிப் பகுதியில் ஆராயச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. மேலதிகாரிகளிடமிருந்து பெரிய ஊக்கம் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய கவிதைகளில் தாய்நாட்டை விட்டு வந்த தனிமை இருக்கிறது. வானம் மௌனமாக இருப்பது போன்ற ஏக்கம் இருக்கிறது. மக்களின் துன்பத்தைக் கண்டு இறைவனிடம் முறையிடும் குரலும் ஒலிக்கிறது. ராஸைச் சமயப் பற்று மிக்க தொண்டர் என்று கூறுவது மிகையாகும். எனினும் முறையீட்டையும் பிரார்த்தனையாக ஏற்பது அவர் பிறந்த கிறிஸ்தவ மரபு. அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபு, இறைவனை நோக்கிக் கேள்வி கேட்டார். ஆனால் இறைவனை விட்டு விலகவில்லை. சங்கீதங்கள் பலவும் அழுகையில் தொடங்குகின்றன. இறைவனிடம் முறையிடுபவன், அவர் கேட்கிறார் என்று நம்புவதால்தானே முறையிடுகிறான்!

அந்தக் கவிதைகளில் ஓரிடம் நம் நெஞ்சைத் தொடுவது. நோயாளிகளின் முகங்கள் தம்மிடம் விடை கேட்பதையும், தம்மிடம் விடை இல்லாததையும் கூறிவிட்டு ராஸ் இறைவனிடம் ஒரு வரம் கேட்கிறார். தமக்கு ஊர் மாற்றமோ, ஓய்வோ, புகழோ அங்கே அவர் கேட்கவில்லை. எண்ணற்ற உயிர்களை மாய்க்கும் நுண்ணிய காரணத்தைக் காட்டியருள வேண்டும் என்றே கேட்கிறார். கேட்டுவிட்டுக் கைகட்டி இருக்கவும் இல்லை. மறுபடியும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

இரண்டு நாட்கள்

1897 கோடையில் பேகம்பேட் மருத்துவமனை அறை உலைபோல் கொதித்தது. பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசுவின் நுண்ணிய பகுதிகள் பறந்துவிடும். ஆகவே காற்றின்றியே அவர் வேலை செய்தார். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. அதன் கண்ணாடியும் விரிசல் கண்டிருந்தது. மணிக்கணக்கில் உற்றுநோக்கிக் கண்கள் களைத்தன. அதுவரை அவர் அறுத்துப் பார்த்த கொசுக்கள் எல்லாம் வேறு இனத்தைச் சேர்ந்தவை. எவற்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் அவருடைய உதவியாளர்கள் புள்ளிச் சிறகுடைய வேறொரு வகைக் கொசுவைக் கொண்டுவந்தனர். உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா கூலி பெற்று, 16-ஆம் நாள் அவற்றிற்கு இரத்தம் அளித்தார். இந்த வரலாற்றில் அந்த எளிய மனிதருக்கும், பெயர் அறியப்படாத அந்த உதவியாளர்களுக்கும் உரிய இடம் உண்டு.

20-ஆம் நாள் நண்பகலுக்குப் பின், எஞ்சியிருந்தவற்றுள் ஒன்றை ராஸ் அறுத்தார். ஏறக்குறைய முழுவதையும் பார்த்தாயிற்று. இரைப்பையின் சுவர் மட்டுமே மீதி. களைப்பு மேலிட்டது, இதையும் பார்த்து என்ன பயன் என்று மனம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியை மீறி அவர் பார்த்தார். வழக்கத்திற்கு மாறான உருண்டை வடிவம் ஒன்று அங்கே தென்பட்டது. அதனுள் மலேரியாக் கிருமிக்கே உரிய கரிய துகள்கள் இருந்தன. மறுநாள் அறுத்த கொசுவில் அவ்வுருண்டைகள் மேலும் பெரிதாக வளர்ந்திருந்தன. கிருமி கொசுவின் உடலில் வாழ்ந்து வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

அந்த வேளையில் ராஸ் எழுதியது நன்றிக் கவிதை. தம் அறிவின் வெற்றி என்று அதில் அவர் கொண்டாடவில்லை. இறைவன் மனமிரங்கித் தம் கையில் வைத்த கொடை என்றே கண்டுபிடிப்பை ஏற்றார். பின்னாளில் கல்கத்தாவில் அமைந்த அவரது நினைவுச் சின்னத்தில் அக்கவிதை பொறிக்கப்பட்டது.

அருளுக்குப் பின்னும் சோதனை

அருள் கிடைத்த பின் பாதை எளிதாகிவிட்டதா? அடுத்த மாதமே மலேரியா அரிதாக இருந்த இராஜபுதனத்தின் கேர்வாராவுக்கு அவர் மாற்றப்பட்டார். மான்சனின் முயற்சியால் 1898-இல் கல்கத்தா சென்றபோது மனித நோயாளிகள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆகவே பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடியின் வழியே நோய் பரவுவதையும் நிறுவினார். தடையாக வந்த சூழ்நிலையே வேறொரு வாயிலைத் திறந்தது. 1902-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ராஸிடம் குறைகளும் இருந்தன. கண்டுபிடிப்பின் உரிமை குறித்து இத்தாலிய அறிஞர் கிராசியுடன் நெடுங்காலம் கசப்புடன் வாதிட்டார். தமக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவரை விட்டு நீங்கவில்லை. பேகம்பேட்டில் கொடையாகப் பெற்றதைப் பிற்காலத்தில் உடைமையாகக் கருதியபோது, அமைதி அவரிடமிருந்து விலகியது எனலாம். 1914-இல் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அந்தத் துயரையும் தாங்கி மலேரியா ஒழிப்புப் பணியைத் தொடர்ந்த ராஸ், 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் லண்டனில் காலமானார்.

நமக்கு ஒரு பாடம்

இறைவனிடம் கொண்ட நம்பிக்கை என்பது மனம் ஒருபோதும் கலங்காத நிலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கலங்கிய நாளில், நமக்கு நம்பிக்கையே இல்லையோ என்று மேலும் சோர்கிறோம். ராஸின் வாழ்க்கை இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அவர் கலங்கினார், முறையிட்டார், களைத்தார். ஆயினும் விடை வராத நாட்களில் தம் முன் இருந்த கடமையைக் கைவிடவில்லை. பிரார்த்தித்த உள்ளமும் உழைத்த கைகளும் அவரிடம் ஒன்றாகவே இயங்கின.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்நாளில், இன்னும் பார்க்கப்படாமல் நம் முன் எஞ்சியிருக்கும் அந்தக் கடைசிப் பகுதியையும் சோர்வை மீறிப் பார்க்கும் பொறுமையை இறைவனிடம் நாமும் வேண்டுவோம்.