தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரும் அவர்தம் தந்தையாரும்

சங்க நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றியவர் என்ற அளவில் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரை நாம் அனைவரும் அறிவோம். தமிழ்ப்பள்ளியில் பயின்றோர் யாவரும் அவர்தம் தலைப்பாகையுடன் கூடிய திருவுருவத்தைப் பாடநூலிற் கண்டிருப்பர். ஆயினும், அப்பெருமகனார் கல்வி கற்ற வரலாற்றில் அவர்தம் இல்லத்தார் ஆற்றிய பங்கு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அதனை இம்மலரில் எடுத்துரைக்க அடியேன் விழைகின்றேன்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தம் தாயார் சரசுவதி அம்மாளின் பிறந்தகமாகிய சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தவர். நாள்தோறும் சிவபூசை செய்பவர். உறவினரும் இசைப் பெரும்புலவருமாகிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அன்பர்கள் அளிக்கும் சம்பாவனையால் குடும்பத்தை நடத்தி வந்தார். செல்வம் இல்லை; நிலையான வருவாயும் இல்லை.

தம் குலச்செல்வமாகிய இசையை மகனும் பேண வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். மகன் மனமோ தமிழையே நாடிற்று. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிட்டும், வடமொழி படித்தால் மறுமைக்கு நலம், தமிழ் படித்து என்ன பயன் என்று சுற்றத்தார் கருதிய காலம் அது. தந்தையார் மகன் பக்கமே நின்றார். அரியலூரில் சடகோபையங்கார் தமிழ் சொல்லித் தருவார் என்றால் குடும்பம் அரியலூருக்குப் பெயர்ந்தது. பின்னர்க் குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஆசிரியர் இருக்கும் ஊரெல்லாம் அவர்களுடைய ஊராயிற்று. ஓர் ஊரில் அறிந்தவர் சொல்லித்தரக்கூடியது முடிந்துவிட்டால் மீண்டும் மூட்டை முடிச்சுகளைக் கட்டுவர்.

நம் தாப்பா வட்டாரத்து மூத்த அன்பர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பிழைப்புக்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆனால், பிழைப்பு எங்கே கிடைக்கும் என்று பாராமல், ஆசான் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக் குடிபெயர்ந்த குடும்பம் அரிதினும் அரிது அன்றோ?

1868இல், பதின்மூன்றாம் வயதிலேயே, சாமிநாதருக்கு மதுராம்பிகையுடன் திருமணமும் நடந்தேறியது. அக்கால வழக்கப்படி, இனிக் குடும்பப் பொறுப்பை ஏற்குமாறு மகனைப் பணித்திருந்தாலும் எவரும் குறை கூறியிரார். தந்தையாரோ 1871இல் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்தார். மாணவனுடைய உணவுக்கு வழி என்ன என்ற கேள்வி எழுந்தபோது, அச்செலவைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டார். கையில் பொருள் இருந்து சொன்ன சொல் அன்று அது.

மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் வாழ்ந்தார். தந்தையாரின் விருப்பப்படி அவரிடம் இசை கற்கவும் சாமிநாதர் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கு மாணவர்கள் இசையில் ஈடுபடுவதில் உவப்பில்லை என்று அறிந்ததும் அதனை நிறுத்திவிட்டார். மகன் இசைவாணன் ஆக வேண்டும் என்ற தந்தையின் கனவு அத்துடன் முடிவுற்றது. அதற்காக அவர் மகனைத் திரும்ப அழைத்துக் கொள்ளவில்லை. அவர் செய்த தியாகங்களுள் இதுவே பெரிது என்பது அடியேன் கருத்து. பொருளை இழப்பதைக் காட்டிலும், தம் விருப்பத்தை இழப்பது பெற்றோர்க்கு அரிது.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார். ஆதரவற்று நின்ற சாமிநாதரைத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அரவணைத்துக் கற்பித்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று முன்னின்று பரிந்துரைத்தார். ஓய்வு பெறும் நாளில் தமக்குப் பின் வருபவரைப் பற்றி எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அரசாங்க ஊழியனாகிய அடியேனுக்கு இச்செய்தி எப்போதும் வியப்பளிக்கிறது. இருபத்தைந்து வயதில் அரசாங்க உத்தியோகம். நாடோடியாய் அலைந்த குடும்பத்திற்கு நிலையான ஊதியம். இலட்சியம் நிறைவேறிவிட்டது என்றே எவரும் எண்ணுவர்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் கற்றுள்ளீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் நீண்ட பட்டியல் தந்தார். முதலியார் நிறைவடையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பல்லாண்டு கற்றுக் கல்லூரி ஆசிரியரும் ஆனவர், அந்த நாளில் மீண்டும் மாணவரானார். அந்நூல் சைன சமயக் காப்பியம் ஆகையால், திருநீறணிந்த அவர் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்தம் சமய நுட்பங்களைப் பணிவுடன் கேட்டறிந்தார். அவ்வில்லங்களில் சிந்தாமணி அன்றும் பக்தியுடன் படிக்கப்பட்டு வந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

பகலில் கல்லூரி, இரவில் ஏடு, விடுமுறையில் சுவடி தேடும் பயணம் என்று வாழ்நாள் கழிந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். ஆலயப் பொறுப்பில் இருப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். நம் ஆலயங்களின் பழைய கணக்கேடுகளும், திருவிழா அழைப்பிதழ்களும், தோட்டக் காலத்துப் புகைப்படங்களும் எந்த அலமாரியில் உள்ளன?

1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஐயருக்கு, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தம்மைப் பரிந்துரைத்த செட்டியாரை நினைந்து தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். ஆசானுக்கு நன்றிக்கடனாக மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1936இல், எண்பதைக் கடந்த வயதில், அவர் இரு சிறு நூல்களை வெளியிட்டார். ஒன்று கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியது. மற்றொன்று கனம் கிருஷ்ணையரைப் பற்றியது. தந்தையார் பாடக் கேட்டு வளர்ந்த அக்கீர்த்தனைகளையும் அதில் தொகுத்து அச்சேற்றினார்.