பிழையை மறைக்காத பேரறிஞர்

பெரிய கணக்கைச் சிறு கட்டங்களாகப் பகுத்துத் தீர்க்கும் கலையின் முன்னோடி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். கல் அணையின் உள்ளே எழும் தகைவுகளைக் கட்டங்கள் வழியே கணக்கிடும் முறையை 1910-இல் வெளியிட்டார்.

பின்பு வானிலைத் துறையில் பணியேற்று, அதே முறையால் வானிலையையும் கணிக்க விழைந்தார். முதல் உலகப் போர் மூண்டது. 1916-இல் வேலையைத் துறந்து, பிரான்சுப் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஆயுதம் ஏந்தாத அக்கைகள் காயமுற்றோரைச் சுமந்தன. ஓய்வு நேரத்தில் கணக்கும் போட்டன. 1910 மே 20-ஆம் நாள், ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவேயில்லை!

வேறொருவராயின் தாளைக் கிழித்தெறிந்திருப்பார். அவரோ 1922-இல் வெளியிட்ட நூலில் அத்தவற்றை அப்படியே அச்சிட்டார். தொடக்க அளவீடுகளில் காற்றும் அழுத்தமும் இசைந்திராததே முதன்மைக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இதற்கிடையே, போருக்குப்பின் மீண்டும் சேர்ந்த வானிலைத் துறை 1920-இல் விமான அமைச்சகத்தின்கீழ் சென்றது. மனச்சான்றுக்கு அஞ்சி அப்பணியையும் விட்டார்.

பிழையைக் கண்டு அஞ்சாதவர், பிழையையே கருவியாக்கினார். ஒரு கணக்கைப் பெரிய கட்டங்களில் ஒருமுறையும் சிறிய கட்டங்களில் ஒருமுறையும் போட்டு, இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும் என்றார். ஓர் எடுத்துக்காட்டு: ஓரலகு ஆரமுள்ள வட்டத்துள் வரைந்த அறுகோணத்தின் அரைச்சுற்றளவு 3, பன்னிரு கோணத்திற்கோ 3.1058. பக்கங்களை இரட்டித்தால் பிழை ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். ஆகவே, இரண்டாம் விடையின் நான்கு மடங்கிலிருந்து முதல் விடையைக் கழித்து, மூன்றால் வகுத்தால் 3.1411 கிடைக்கிறது. பையின் மதிப்பு 3.1416 அல்லவா!

இரு விடைகளும் ஒத்துவரும் இடத்தில் பெரிய கட்டமே போதும். வேறுபடும் இடத்தில் மட்டும் கட்டத்தை நுணுக்கினால் போதும். ரிச்சர்ட்சனின் ஒப்பீட்டைக் கொண்டே, 1984-இல் மார்ஷா பெர்கரும் ஜோசப் ஆலிகரும் இவ்வாறு தானே நுணுகும் கட்டமுறையை வகுத்தனர். எங்கும் நுணுக்கினால் கணிப்பொறியும் களைத்துவிடும்.

1950-இல் அமெரிக்காவில் மின்னணுக் கணிப்பொறி வானிலையைக் கணித்தது. தம் கனவு நனவானதை அறிந்தபின்னரே 1953-இல் ரிச்சர்ட்சன் கண்மூடினார்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் விடை பொருந்தாதபோது எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை நமக்கும் எழுவதுண்டு. எங்கே தவறுகிறோம் என்று அறிந்தால்தான் எங்கே உழைக்க வேண்டும் என்பது விளங்கும். அதற்கு அவர் வாழ்வே சான்று.