மூத்த பிளினியும் மலிவான மதுவும்

இத்தாலியின் பலெர்மோ நகரிலே தொழில் செய்யும் என் தமக்கை மகன், விடுமுறையிற் கல்லடிக்கு வந்தபோது ஒரு போத்தல் திராட்சை மது கொண்டுவந்தான். வாவிக்கரையிலுள்ள எம் வீட்டு முற்றத்தில் நண்பர் சிலர் கூடியிருந்தனர். சுவைத்தவரெல்லாம் நன்று நன்று என்றனர். பின்னர் ஒருவர் விலையை வினவ, மூன்று யூரோ என்றான் அவன். அங்கே கூலியாட்கள் நாள்தோறும் உணவுடன் அருந்துவது இதுவே என்றும் சொன்னான். அவ்வளவுதான், அதே மது புளிக்கத் தொடங்கிவிட்டது! நானும் என் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டும் வாளாவிருந்தேன்.

அன்றிரவு உறக்கம் வராமற் கிடந்தபோது நான் நினைத்துக்கொண்டவர் உரோமப் பேரறிஞர் மூத்த பிளினி.

வட இத்தாலியின் கோமோ நகரிற் கி.பி. 23ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் அவர். இளமையில் ஜெர்மானிய எல்லையிலே குதிரைப்படை அதிகாரி. நீரோவின் கொடுங்காலத்தில் இலக்கண ஆராய்ச்சியில் ஒதுங்கிக்கொண்டார். வெஸ்பாசியன் அரசேறிய பின்னரே உயர்பதவிகள் வந்தன. உண்ணும்போதும் ஒருவர் நூல் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவருக்கும் ஒரு சகோதரி மகன் இருந்தான். அவன் நடந்து சென்றதைக் கண்டு, பல்லக்கிற் சென்றால் அந்நேரத்திற் படிக்கலாமே எனக் கடிந்துகொண்டவர் அவர். மாணவர்க்கு இது சற்று மிகையாகத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான்.

அவருடைய 'இயற்கை வரலாறு' 37 பாகங்களையுடையது. அதன் ஆறாம் பாகத்தில் நம் தீவு வருகின்றது. கிளாடியஸ் காலத்தில் ஓர் உரோமன் காற்றில் அடிபட்டு இங்கு வந்தானாம். அவன் வைத்திருந்த வெள்ளி நாணயங்களின் முகங்கள் வெவ்வேறாயினும் எடை ஒன்றாயிருந்ததைக் கண்டு, இத்தீவின் அரசன் வியந்தான் என்கிறார்.

பதினான்காம் பாகம் முழுவதும் கொடிமுந்திரியும் மதுவுமே. உலகிற் சிறந்த மது வகைகள் ஏறத்தாழ 80 என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இத்தாலிக்கு உரியவை என்றும் பெருமைப்படுகின்றார். ஆயினும் விலையைக் கண்டு மயங்கியவர் அல்லர். கி.மு. 121இல் வடித்த ஒபிமியன் மது அவர் காலத்தில் தேன்போல் இறுகிக் கசந்து, தனியே பருக இயலாததாய் விட்டது. விலையோ வட்டிக் கணக்குப்போல் ஏறிக்கொண்டே சென்றது. குடிக்க முடியாத பொருளுக்கு அத்துணை விலை!

அதே பாகத்தில் மற்றொரு செய்தி. அகஸ்தஸ் பேரரசரின் மது சோதிப்பவன், ஒரு விருந்திலே அவ்வூர் மதுவைச் சுவைத்துப் பார்த்தான். தனக்குப் புதிய சுவை, பெயர் பெற்ற வகைகளில் ஒன்றன்று, எனினும் பேரரசர் இதனையன்றி வேறெதனையும் அருந்தார் என்று விருந்தளித்தவரிடம் கூறினானாம். இப்பகுதியைத் தமிழிற் சுருக்கி எழுதிப் பலெர்மோவுக்கு அனுப்பினேன். அடுத்த முறையும் அதே மதுவைக் கொண்டுவரும்படி கடைசி வரியிற் கேட்டிருந்தேன்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பிளினி மிசேனத்திற் கடற்படைத் தலைவர். கரையிற் சிக்கியோரை மீட்கக் கப்பல்களுடன் புறப்பட்டார். ஸ்தாபியேக் கரையிற் புகையும் சாம்பலும் சூழ்ந்தன. கடலோ கொந்தளித்துத் திரும்ப வழியில்லை. தரையில் விரித்த துணியிற் படுத்தவாறே, 80 வகை மதுவை எண்ணிக் கணித்த அம்மனிதர் குளிர்ந்த நீரை இருமுறை கேட்டு வாங்கிப் பருகினார். சற்றுப் பொழுதில் உயிர் நீங்கியது. இதனைக் கடிதமாக எழுதி வைத்தவன் அச்சகோதரி மகனே.