கூத்தைப் பேராதனைக்கு அழைத்துப்போன பேராசிரியர்

1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ முதன்முதலாக மேடையேறியது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியிருந்தது. தென்பகுதிக் கிராமங்களில் அருகிக்கொண்டிருந்த ‘நாடகம’ என்ற இசைக்கூத்து வடிவத்தை, அதில் தேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையோடு, பேராதனை மாணவர்களை வைத்து சரச்சந்திர புதிதாக ஆக்கியிருந்தார். சிங்கள மேடையில் தான் கண்டவற்றில் இதுவே மிகச் சிறந்தது என்று விமர்சகர் ரெஜி சிறிவர்தன ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். அதுவரை ஆங்கில நாடகங்களை மட்டும் பார்த்து வந்த கொழும்பு மேல்தட்டு, சிங்களத்தில் பாடி ஆடும் ஒரு நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கத் தொடங்கியது.

இந்தக் கதையில் தமிழர்கள் அதிகம் கதைக்காத ஒரு பக்கம் இருக்கிறது. அந்த ‘நாடகம’ தமிழ்க் கூத்திலிருந்து போனது. கரையோரக் கத்தோலிக்கத் தமிழரின் நாட்டுக்கூத்திலிருந்து சிங்களவர் எடுத்துக்கொண்ட வடிவம் அது என்பதைச் சிங்கள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சரச்சந்திரவும் அதை மறைக்கவில்லை. பிள்ளை தலைநகரில் மாலை மரியாதையோடு நிற்க, தாய் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரத்திலும் கோயில் வெளிகளில் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். படித்த தமிழருக்கோ ‘கூத்தாடி’ என்பது ஒருவரைத் திட்டுவதற்கான சொல்.

அதே பேராதனையில், சரச்சந்திரவின் சக விரிவுரையாளராக இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சுப்பிரமணியம் வித்தியானந்தன்.

1924 மே 8ஆம் திகதி தெல்லிப்பழை வீமன்காமத்தில் பிறந்தவர். விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வார்ப்பு. பத்துப்பாட்டை வரலாறு, சமூகம், மொழி என்ற மூன்று நோக்கில் ஆராய்ந்து 1950இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954இல் ‘தமிழர் சால்பு’ வந்தது. சங்க இலக்கியத்தோடு நின்றிருந்தாலும் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. கௌரவமான ஒரு தமிழ்ப் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் அவருக்கு மேடைப் பித்து இருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களைப் பல்கலைக்கழகத்தில் தயாரித்து மேடையேற்றியவர் இவர்தான். வீட்டுக்குள் நடக்கும் கதை, கதிரை, மேசை, சம்பாசணை என்று போன நாடகங்கள் அவை. கூத்து அந்த வழியில் அவருக்கு எதிர்ப்படவில்லை.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைமை அவரிடம் வந்ததும் அவர் ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று கூத்துப் போட்டிகள் நடத்தினார். அண்ணாவிமாரைத் தேடிப் பிடித்து மேடையில் ஏற்றிக் கௌரவித்தார். ஏட்டிலும் கொப்பிகளிலும் கிடந்தவற்றை அச்சாக்கினார்: 1960இல் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள், 1962இல் அலங்காரரூபன் நாடகம், 1966இல் மூவிராசாக்கள் நாடகம், 1967இல் ஞானசவுந்தரி நாடகம். பின்னாளில் எத்தனையோ வீடுகளில் ஏடுகளும் கொப்பிகளும் இடப்பெயர்வில் விடுபட்டும் எரிந்தும் போன ஒரு சமூகத்துக்கு அந்தப் பட்டியலின் பெறுமதி புரியும். அச்சில் ஏறியது தப்பியது.

பிறகு 1962. ‘கர்ணன் போர்’.

மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்தார். வடமோடி ஆட்டத்தைப் பல்கலைக்கழக மாணவ மாணவிகளுக்குப் பழக்கினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ஆசிரியர்கள் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள், மத்தளத்தோடு வந்த ஒரு கிராமத்து மனிதரின் முன்னால் தாளக்கட்டுச் சொல்லி அடி பழகினார்கள். வித்தியானந்தனின் சாதனைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். விருதுப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை.

கிராமத்தில் கூத்து விடிய விடிய நடக்கும். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, பிறகு அரங்கேற்றம். வட்டக்களரியின் நாலு பக்கமும் சனம். ஒரு பாத்திரத்தின் வரவு முடிவதற்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். வித்தியானந்தன் இதை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார். திரும்பத் திரும்ப வரும் பாடல்களை வெட்டினார். நாலு பக்கமும் பார்த்து ஆடியவர்களைப் படச்சட்ட மேடையில் ஒரு பக்கம் பார்த்து ஆட வைத்தார். ஒளியமைப்பு வந்தது. முகத்தில் உணர்ச்சி காட்டி நடிப்பது வந்தது. பாட்டுக்காரரும் மத்தளமும் சல்லரியும் மேடையின் ஓரத்துக்குப் போயின. 1963இல் தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’, 1964இல் மீண்டும் வடமோடியில் ‘இராவணேசன்’, அதன் பின் ‘வாலி வதை’ என்று தயாரிப்புகள் தொடர்ந்தன. பேராதனையோடு நில்லாமல் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்றும் அவை போயின.

சபையின் எதிர்வினை ஒன்றாக இருக்கவில்லை. படித்த யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அது அதிர்ச்சி. தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்கு ஏன் இந்த வேலை, அதிலும் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை ஏன் ஆட வைக்கிறார் என்ற முணுமுணுப்பு இருந்தது. அந்த முணுமுணுப்புக்குள் சாதி இருந்தது என்பதை நாங்கள் நாசூக்காக விட்டுவிட வேண்டியதில்லை. தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அறுபதுகளில் பேராதனையில் படித்தவர். சிறுவயதில் ஊரில் கூத்து நடந்தால் அந்தத் திசைக்கே போகக்கூடாது என்று வீட்டில் கட்டளையாம். முதன்முதலாகக் கூத்தைப் பார்த்தது பல்கலைக்கழகத்தில்தான், அதுவும் கதிரையில் இருந்து என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரில் தரையில் இருந்து பார்க்க முடியாத ஒன்றைக் கண்டி மலையில் கதிரையில் இருந்து பார்க்க முடிந்தது. வித்தியானந்தனின் வெற்றியும் அவர் மீதான குற்றச்சாட்டும் அந்த ஒரு கதிரையிலேயே அமர்ந்திருக்கின்றன.

மறுபக்கத்தில், கூத்தை அறிந்தவர்களுக்கு வேறு மனத்தாங்கல். விடியும்வரை ஆடுவதை ஒன்றரை மணிக்குள் அடக்கினால் எஞ்சுவது என்ன? களரியைச் சுற்றி இருக்கும் சனமும் கூத்தின் ஒரு பகுதி அல்லவா? மேடைக்கு எதிரே இருட்டில் வரிசையாக இருப்பவர்கள் வெறும் பார்வையாளர்கள்தானே? கேள்விகள் நியாயமானவை. பழைய முறை கிராமத்தில் தொடரட்டும், புதிய சபைக்குப் புதிய முறை வேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. இரண்டுக்கும் இடம் இருக்கும் என்று அவர் நம்பினார். ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு மற்றதற்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடதுசாரிகள் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்கள். வடிவத்தை மீட்டது சரி, கதை இன்னும் அரசர்களைப் பற்றியதாகவே இருக்கிறதே? இந்தக் கேள்விக்கான பதில் அவருடைய மாணவர்களிடமிருந்து வந்தது. ‘இராவணேசன்’ எழுத்துருவை எழுதி இராவணனாக ஆடிய சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ எழுதினார். அதே வடமோடி, ஆனால் களத்தில் நின்றது உழைக்கும் சனம். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டக் காலத்தில் ‘கந்தன் கருணை’ கூத்துப் பாணியில் மேடையேறியது. வித்தியானந்தன் இந்த அரசியலைச் செய்தவர் அல்லர். ஆனால் அவர் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்திராவிட்டால், அந்த இளைஞர்கள் சாதிக்கு எதிராகப் பேச வேறு மொழி தேடியிருக்க வேண்டும்.

‘இராவணேசன்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் தமிழ் மேடைக்கு வந்த இராவணனை அன்றைய சபை எப்படிப் பார்த்திருக்கும் என்பது ஊகிக்கக் கடினமல்ல. தமிழுணர்வு பொங்கிய காலம். அவன் வில்லன் அல்லன், வீழ்ந்த பெருவீரன். பிள்ளையைப் பலிகொடுத்த பிறகும் திரும்பிப் போகாமல் களத்துக்குப் போகிறவன். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மட்டக்களப்பில் மௌனகுரு இந்தக் கூத்தை மறுபடி தயாரித்தபோது மண்டோதரியின் குரலுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார். போர் வேண்டாம் என்கிற பெண்ணின் குரல் அது. நான் பார்த்தது அந்தப் புதிய வடிவத்தின் ஒளிப்பதிவு ஒன்றை. 2009க்குப் பிறகு தெஹிவளைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒரு ஆள். இராவணன் கடைசியாகக் களத்துக்குப் புறப்படும் ஆட்டம் ஒரு கலைஞனின் உச்சம் என்று ஊடகப் படிப்பு எனக்குச் சொன்னது. என் கண் மண்டோதரியை விட்டு அசையவில்லை. இரண்டு பார்வையையும் ஒரே கூத்து தாங்குகிறது. 1964இல் எழுந்து நின்று கைதட்டியவரும் இன்று தலைகுனிந்து இருப்பவரும் ஒரே சபைதான்.

வித்தியானந்தனின் பிற்கால வாழ்க்கையில் மேடை பின்னுக்குப் போய்விட்டது, அல்லது மேடை வேறு விதமாக அமைந்தது. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. கொழும்பில் நடத்த வேண்டும் என்ற அழுத்தத்தை மீறி அதை யாழ்ப்பாணத்தில் நடத்திக் காட்டியதில், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் இலங்கைக் கிளைத் தலைவராக இருந்த அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கடைசி நாளான 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தபோது உயிர்கள் போயின. அன்று இறந்த ஒன்பது பேரின் நினைவு இன்றைக்கும் ஆண்டுதோறும் நினைவுத்தூபி முன்னால் விளக்காக எரிகிறது. சனத்தைத் திரட்டி ஒரு கலை விழா நடத்தத் தெரிந்த மனிதர், அப்படித் திரண்ட சனத்தின் சாவைக் கண்டார்.

1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர். 1981இல் நூலகம் எரிந்தது, 1983இல் தெற்கிலிருந்து கப்பல்களில் வந்து இறங்கிய சனம், 1987 ஒக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இந்தியப் படை இறங்கியது. இவை எல்லாம் அவருடைய பதவிக்காலத்தில் நடந்தவை. 1988இல் ஓய்வு. 1989 ஜனவரி 21ஆம் திகதி காலமானார். அடுத்த ஆண்டு வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, அவர் பிறந்த ஊரும் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதை அவர் பார்க்கவில்லை.

அவர் மீதான விமர்சனம் அவரோடு முடியவில்லை. 2000க்குப் பிறகு மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் கூத்து மீளுருவாக்கம் என்ற பெயரில் வேறொரு வழியில் போனார்கள். கூத்தைப் பல்கலைக்கழகம் செம்மைப்படுத்தித் தரத் தேவையில்லை, ஊர்ச் சனமே தங்கள் களரியில் தங்கள் கதையை மாற்றி ஆடட்டும் என்பது அவர்கள் வாதம். செம்மை என்ற சொல்லே, அதற்கு முன் இருந்தது செம்மையற்றது என்று சொல்லாமல் சொல்கிறதே என்று கேட்டார்கள். இந்த விவாதத்தில் நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம். ஆனாலும், யாரும் மதிக்காத ஒன்றைப் பற்றி இப்படி விவாதிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். விவாதிக்கத்தக்க இடத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்தால் மறுபடியும் வீமன்காமத்து மனிதரிடம்தான் வந்து நிற்கிறோம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பெற்றோர் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கியும் செலவழிப்பார்கள். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக்குத் திகதி எடுக்க அலைவார்கள். பிள்ளைக்கு வடமோடி பழக்க அண்ணாவியார் தேடும் ஒரு தாயையோ தகப்பனையோ இந்தப் பக்கம் நான் இன்னும் சந்திக்கவில்லை. கொழும்புப் பிள்ளைகள் கூத்துப் பழகுவதென்றால் அது பெரும்பாலும் பாடசாலைப் போட்டிக்காக, சில வாரங்களுக்கு மட்டும். மத்தளக்காரர் வெளியூரிலிருந்து வருவார், அல்லது ஒலிப்பதிவு ஓடும். கிரீடம் வாடகைக்கு. நேரக் கட்டுப்பாடு கடுமை. விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணித்தியாலமாக்கியதற்காக வித்தியானந்தனைக் கடிந்தவர்கள், இப்போது பாடசாலை மேடைகளில் அது நிமிடக் கணக்கில் நடப்பதைப் பார்க்கிறார்கள்.