சித்தூர் மண்ணில் மறைந்த ஹைதர் அலி

காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு இரயிலில் எத்தனையோ முறை சென்று வருகிறோம். ஆங்கிலேயரைக் கலங்கச் செய்த ஹைதர் அலி சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான் உயிர் நீத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோலார்ச் சீமையைச் சேர்ந்த பூதிக்கோட்டையில் 1720ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் அவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கக் கற்றவரல்லர். ஆயினும் அபார நினைவாற்றல் உடையவர். மைசூர்ப் படையில் சேர்ந்து, 1761இல் அந்நாட்டின் ஆட்சியையே கைக்கொண்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு இது பெருவியப்பே.

1769இல் சென்னையின் வாயில்வரை வந்து, கும்பினியாரைச் சமாதானத்திற்கு இணங்கச் செய்தார். பகைவர் தாக்கினால் ஒருவர்க்கொருவர் உதவுவதென உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது கும்பினியார் உதவிக்கு வரவில்லை. ஆறாத பகை அன்று வேரூன்றியது.

1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசை எதிர்த்துச் சுதந்திரம் அறிவித்தன. 1778இல் பிரெஞ்சுக்காரர் அவர்கள் பக்கம் சேர்ந்தனர். உடனே இங்கும் போர் மூண்டது. ஹைதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்திறங்கிய பிரெஞ்சுத் துறைமுகமாகிய மாஹேயை 1779இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கடல்கடந்த புரட்சியின் தீப்பொறி நம் எல்லைக் கணவாய்களிலும் வந்து விழுந்தது!

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையுடன் கணவாய் கடந்து ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். சித்தூரும் அச்சீமையில் அடங்கியதே. நவாப் முகம்மது அலி கும்பினியாரையே நம்பியிருந்தார். செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. பின்னர் ஆற்காடும் வீழ்ந்தது. ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது: பகைவர்க்கு உணவு கிட்டாதிருக்க ஊர்களும் விளைநிலங்களும் தீக்கிரையாக்கப்பட்டன. எந்தக் கட்சியையும் சேராத உழவரே அதிகம் துன்புற்றனர்.

1781இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் சர் அயர் கூட்டிடம் ஹைதர் தோல்வியுற்றார். ஆயினும் போரை விடவில்லை. முதுகில் தோன்றிய இராஜபிளவை அவரை வாட்டியது. 1782 டிசம்பர் 7இல் காலமானார். மகன் திப்பு மேலைக் கடற்கரையில் இருந்தமையால், அமைச்சர்களான பூர்ணையாவும் கிருஷ்ணராவும் மரணச் செய்தியை மறைத்துப் படையைக் கலையாமல் காத்தனர். முஸ்லிம் தலைவரின் அரசை இந்து அமைச்சர்கள் காத்த செய்தி இது; நம் பிள்ளைகள் அறியவேண்டியது. உடல் கோலாருக்கு இரகசியமாக அனுப்பப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அதே ஆண்டில் அமெரிக்கர் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தனர். அந்நியரை நம்பிய நவாபின் குடும்பமோ 1801இல் ஆற்காட்டு ஆட்சியையே கும்பினியாரிடம் இழந்தது. பகைத்தவர் பாசறையில் மாண்டார். பணிந்தவர் பரம்பரை நாட்டை இழந்தது. இவ்விரண்டில் எது பேறு என்பதைப் பிள்ளைகளே தேர்ந்து கூறட்டும்.

பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்த நமக்கு இதன் சரித்திரமும் உரியதன்றோ? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவ்வூரைக் காட்டுவோமாக!